கரை எந்தத் திசையைப் பார்க்கிறது? குளிர்காலக் கடற்கரை விடுமுறை: வாசகர் கேள்வி–பதில்

வாகனத்துக்குப் பனிக்காலச் சில்லுகளை மாட்டும் பருவம் வந்துவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் பொருளும் மாறிவிடுகிறது. வரிக்கணக்கும் வீட்டுக்கடனும் பின்னே ஒதுங்க, வெயிலும் கடலும் முன்னே வருகின்றன. ஒரு குடும்பம் பெருந்தொகை செலவழித்துச் சொகுசு விடுதியொன்றுக்குப் புறப்படுமுன் அறிந்திருக்க வேண்டியவற்றைத் தொடும் கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி, ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலுமாக இரண்டு பிள்ளைகள். ஜனவரிக் கடைசியில் ஒரு வாரம் போக நினைக்கிறோம். மெக்சிக்கோவின் கான்கூனில் ஒன்று, டொமினிக்கன் குடியரசின் புந்தா கானாவில் ஒன்று என இரண்டு விடுதிகளை முகவர் காட்டினார். இரண்டும் ஐந்து நட்சத்திரம். விலையும் ஏறக்குறைய ஒன்றே. படங்களிலும் வேறுபாடு தெரியவில்லை. எதைத் தெரிவு செய்வது?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: காற்று ஓய்ந்த காலைப்பொழுதொன்றில் எடுத்த படத்தைத்தான் எந்த விடுதியும் வெளியிடும், ஆகவே படத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. நட்சத்திர எண்ணிக்கையும் அதிகம் உதவாது. உலகம் முழுவதற்கும் பொதுவான நட்சத்திர அளவுகோல் கிடையாது. அந்நாட்டின் சுற்றுலாத்துறை ஒன்று சொல்லும், பயணத்தை விற்கும் நிறுவனம் தன் கணக்கில் வேறொன்று சொல்லும். இரண்டையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு வரைபடத்தை விரித்து, அந்த விடுதியின் கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்து, அதைப் பார்த்தே கடலில் இறங்கியவர்கள் நம் ஊர்க் கடற்றொழிலாளர்கள். கரீபியன் கடலிலும் கணக்கு அதுதான். அங்கே ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வியாபாரக் காற்று வீசுகிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை அதன் வேகம் இன்னும் கூடுகிறது. அதனால் கிழக்கு நோக்கித் திறந்து கிடக்கும் கரையில் அலை பெரிதாக இருக்கும். மேற்கையோ தெற்கையோ பார்த்த கரையிலும், முருகைக்கற்பார் முன்னால் நின்று தடுக்கும் கரையிலும் நீர் அடங்கிக் கிடக்கும். உங்கள் சின்னப்பிள்ளை இடுப்பளவுக் கடல்நீரில் நின்று விளையாடுமா, அல்லது ஏழு நாளும் நீச்சல் தடாகத்துக்குள்ளேயே கழிக்குமா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். குளியலறையில் பதித்த சலவைக்கல் அல்ல.

கான்கூனின் விடுதி வலயம் 1970களில் மெக்சிக்கோ அரசு திட்டமிட்டு எழுப்பியது. ஏறத்தாழ 23 கிலோமீற்றர் நீளமான அந்த மணல்திட்டு, 7 என்ற எண்ணின் வடிவில் கடலுக்குள் நீண்டிருக்கிறது. ஏழின் உச்சியிலுள்ள கிடைக்கோடு வடக்கைப் பார்க்கிறது. எதிரே இருக்கும் இஸ்லா முஹேரஸ் தீவு அலையைத் தாங்கிக்கொள்வதால் அங்கே நீர் ஆழம் குறைந்தும் அமைதியாகவும் இருக்கும். ஏழின் நீண்ட தண்டோ கிழக்கைப் பார்த்தது. கடலின் நீலம் அங்கேதான் கண்ணைப் பறிக்கும். காலை இழுக்கும் நீரோட்டமும் அங்கேதான். மஞ்சளும் சிவப்புமாக எச்சரிக்கைக் கொடிகள் மாறி மாறி ஏறும். கறுப்புக் கொடி ஏறினால் நீரில் இறங்கவே கூடாது. குளிர்காலத்தில் வட அமெரிக்கக் குளிர்காற்று மெக்சிக்கோக் குடாவைக் கடந்து, கான்கூன் இருக்கும் யுக்கட்டான் குடாநாட்டுக்கு வந்துசேர்வதும் உண்டு. 'நோர்த்தே' என்று அங்குள்ளவர்கள் சொல்லும் இந்தக் காற்று வந்தால் ஓரிரு நாள்கள் வானம் மூடி, மாலையில் மேற்சட்டை தேட வைக்கும். அந்த நாள்களில் வடக்குக் கரையும் கலங்கும்.

புந்தா கானா இன்னும் தெற்கே இருப்பதால் அந்தக் குளிர்காற்று அங்கே போய்ச் சேருமுன் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். டொமினிக்கன் குடியரசின் அந்தக் கிழக்கு முனையில் பாவரோக் கரைக்கு முருகைக்கற்பார் காவல் இருக்கிறது. ஆனால் வடக்கே ஊவெரோ ஆல்தோப் பகுதியில் உள்ள விடுதிகளும் 'புந்தா கானா' என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. அங்கே கடல் திறந்தது, அலை முரடு, விமான நிலையத்திலிருந்து பேருந்துப் பயணமும் நீண்டது. தெற்கே திரும்பினால், ஏறத்தாழ ஒரு மணிநேரத் தொலைவில், பாயாஹீபே என்ற மீனவ ஊர் கரீபியன் பக்கமாகக் காற்றுக்கு முதுகைக் காட்டி இருக்கிறது.

உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு நான் பாயாஹீபேயை முதலாவதாகவும் பாவரோவை இரண்டாவதாகவும் வைப்பேன். கான்கூன்தான் வேண்டுமென்றால் ஏழின் அந்தக் கிடைக்கோட்டில் உள்ள விடுதியா என்று முகவரைக் கேளுங்கள். அவரால் உடனே சொல்ல முடியாவிட்டால், அவர் அங்கே போனதில்லை என்று கொள்ளலாம். இன்னொன்று: ஜனவரியை மார்ச்சுக்குத் தள்ளிவைக்க வேண்டாம். 2011 முதல் இப்பகுதிக் கரைகளில் பெருமளவில் ஒதுங்கிவரும் சர்காசம் என்ற பழுப்புப் பாசி ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை மிகுதி. சில ஆண்டுகளில் மார்ச்சிலேயே வந்துவிடுகிறது. குவிந்து அழுகும்போது அதன் நாற்றம், எத்தனை நட்சத்திர விடுதியானாலும் உணவு மண்டபம் வரை வரும்.

கேள்வி: ஒரே விடுதியில் ஐந்தாறு வகை அறைகள், ஐந்தாறு விலைகள். கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் இருக்கிறதா?
– வாசகர், மார்க்கம்

பதில்: சிலவற்றுக்கு இருக்கிறது. 'ஓஷன் வியூ' என்றால் பலகணியின் ஒரு மூலையில் நின்று கழுத்தைத் திருப்பினால் கடலின் ஒரு கீற்றுத் தெரியும் என்பதும் அதில் அடங்கும். 'ஓஷன் ஃபிரண்ட்' என்றால்தான் அறை நேராகக் கடலைப் பார்க்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாட்டை நாள் முழுவதும் வெளியே இருப்பவர்கள் கொடுக்கத் தேவையில்லை. முழங்கால் வலியால் அறையிலேயே பெரும்பொழுதைக் கழிக்கப்போகும் பெற்றோருக்கு அது தகும்.

இப்போது அதிகம் விளம்பரப்படுத்தப்படும் 'சுவிம் அவுட்' அறைகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. தரைத்தளத்தில் இருக்கும் இவ்வறைகளின் கண்ணாடிக் கதவை இழுத்தால் சிறியதொரு திண்ணை, இரண்டு சாய்கதிரை, அதைத் தாண்டி இரண்டு மூன்று படி; அவ்வளவுதான், தடாகத்து நீர். இடையில் வேலியோ கதவோ பெரும்பாலும் இராது. புதுமணத் தம்பதிக்கு இன்பமான அந்த அமைப்பு, அதிகாலையில் முதலில் எழும்பும் மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டாருக்கு உறக்கத்தைக் கெடுக்கும். பிள்ளைகளோடு போவோர் இரண்டாம் மாடியைக் கேட்டு வாங்குவது நல்லது.

பெரியவர்களுக்கு மட்டுமான பகுதியையும் குடும்பங்களுக்கான பகுதியையும் ஒரே வளவில் வைத்திருக்கும் விடுதிகளும் உண்டு. அவற்றில் கரையின் நல்ல பாதி எந்தப் பகுதியாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். அங்கே போன பிறகு, நீலக் கைப்பட்டி கட்டியவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று கேட்பதைவிட அது மேல்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, பிறந்ததிலிருந்து சைவச் சாப்பாடு. 'எல்லாம் உள்ளடங்கிய' விடுதியில் அவர் பட்டினி கிடக்க நேருமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, பிரம்டன்

பதில்: பட்டினி கிடக்க மாட்டார், ஆனால் தெரியாமல் இறைச்சிச் சாறு உட்கொள்ள நேரலாம் என்பதே உண்மையான சிக்கல். மெக்சிக்கோவிலும் டொமினிக்கன் குடியரசிலும் சோற்றைக் கோழி அவித்த நீரில் ஆக்குவதும், மெக்சிக்கோவில் கறுப்பு அவரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கி மசிப்பதும் சாதாரணம். மேலே பார்த்தால் சோறும் பருப்பும். வாயில் வைத்தால்தான் தெரியும், வைத்தும் தெரியாமல் போகலாம். கோதுமை ரொட்டி போன்ற தோர்த்தியாவில் பன்றிக் கொழுப்புச் சேர்வது உண்டு. சோளத்தில் செய்ததில் பொதுவாகச் சேர்வதில்லை. உருளைக்கிழங்குப் பொரியலைப் பொரித்த எண்ணெயிலேயே மீனும் பொரிந்திருக்கும். 'ஆசிய உணவகம்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டு ஆறுதலடைய வேண்டாம்; அங்கே மரக்கறியை வதக்கும்போது சிப்பிச் சாறும் மீன் சாறும் ஊற்றுவார்கள்.

அங்கே 'கார்னே' இல்லாமல் தாருங்கள் என்றால் மாட்டையும் பன்றியையும் மட்டும் விலக்கிக் கோழியைத் தருவார்கள். ஆகவே 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் மன்தேகா' (இறைச்சி, கோழி, மீன், பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம்) என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். முதல் நாளே, உணவு வேளைக்கு முன்னதாக, தலைமைச் சமையற்காரரைக் காண வேண்டும் என்று கேட்டு அதைக் கொடுங்கள். நல்ல சொகுசு விடுதிக்கும் சுமாரான விடுதிக்கும் இடையிலான வேறுபாடு தெரிவது இந்த இடத்தில்தான்: நல்ல இடத்தில் சமையற்காரர் வெளியே வந்து, பரப்பிவைத்த பாத்திரங்களை உங்களோடு சுற்றிப் பார்த்து, எதில் என்ன இருக்கிறது என்று சொல்வார், வெள்ளைச் சோற்றைத் தனியாக வடித்துத் தரவும் செய்வார்.

டொமினிக்கன் குடியரசில் அம்மாவுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. நம் துவரையை அவர்கள் 'குவாந்துலெஸ்' என்று பச்சையாகவே எடுத்துத் தேங்காய்ப்பாலும் சோறும் சேர்த்து ஆக்குவார்கள். கோழிச்சாறு இல்லாமல் ஆக்கச் சொன்னால் போதும். காலையில் வாழைக்காயை அவித்து மசித்து, வதக்கிய வெங்காயம் தூவிய 'மங்கூ' கிடைக்கும். ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை மட்டும் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஏழு நாள் உப்பும் புளியும் குறைந்த உணவு அந்த வயதில் சலிக்கும்.

கேள்வி: ஓய்வுபெற்ற தம்பதி நாங்கள். டிசம்பர் விலை தாங்கவில்லை. நவம்பர் நடுப்பகுதியில் போனால் புயலில் அகப்படுவோமா?
– வாசகர், மிசிசாகா

பதில்: அத்திலாந்திக் சூறாவளிப் பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30இல் முடிகிறது. அதன் உச்சம் செப்டெம்பரில். நவம்பர் நடுப்பகுதியில் ஆபத்துக் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. மெலிசா சூறாவளி ஐந்தாம் வகை வலுவோடு ஜமேக்காவின் தென்மேற்கைத் தாக்கியது 2025 அக்டோபர் 28இல் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

நவம்பரிலேயே போக விரும்பினால் அரூபாவையோ கூரசாவையோ பாருங்கள். வெனிசுவேலாக் கரைக்கு அண்மையில் இருக்கும் இத்தீவுகள் சூறாவளிகளின் வழக்கமான பாதைக்குத் தெற்கே ஒதுங்கியிருக்கின்றன, மழையும் குறைவு. அதற்கான விலை காற்று. அங்குள்ள திவிதிவி மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருப்பதைப் பார்த்தாலே எந்தத் திசையிலிருந்து எவ்வளவு காற்று என்று விளங்கிவிடும். ஆனால் ஈகிள் பீச், பாம் பீச் என்ற புகழ்பெற்ற கரைகள் மேற்குப் பக்கத்தில் இருப்பதால், மணல் முகத்தில் அடித்தாலும் கடல் அமைதியாகவே இருக்கும்.

டிசம்பர் வரை பொறுக்க முடியுமானால் பார்படோசைச் சொல்வேன். அங்கே மேற்குக் கரையில் நீர் அலையற்றுக் கிடக்கும். 1961இல் திறந்த சாண்டி லேன் முதல் பெருஞ்செல்வர் தங்கும் விடுதிகள் பல அந்தப் பக்கம்தான். கிழக்கே பத்ஷீபாவில் அத்திலாந்திக் வந்து மோதுவதைப் பார்க்கலாம், இறங்கக் கூடாது. கரைகள் எல்லாம் பொதுச்சொத்து என்பதால், எளிய விடுதியொன்றில் தங்கிக்கொண்டு செல்வந்தரின் கரையில் நீராடவும் யாரும் தடுக்க முடியாது.

கேள்வி: எனக்குக் கனடிய நிரந்தர வதிவுரிமை, கடவுச்சீட்டு இலங்கையுடையது. அப்பா, அம்மா சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்டநாள் தங்கக் கனடா தரும் விசா) வந்திருக்கிறார்கள். நாங்கள் மூவரும் கான்கூன் போகலாமா? மயாமி வழியாகப் போனால் மலிவு.
– வாசகர், அஜாக்ஸ்

பதில்: மெக்சிக்கோவுக்குப் போகலாம், மயாமி வழியாகப் போகாதீர்கள். கனடாவில் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களையும், செல்லுபடியாகும் கனடிய விசா உள்ளவர்களையும் மெக்சிக்கோ தன் விசா இல்லாமலே சுற்றுலாவுக்கு அனுமதிக்கிறது. விதிகள் மாறுவதுண்டாதலால், பணம் கட்டும் வாரத்தில் தூதரகத்தின் இணையப்பக்கத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்காவிலோ, விமானம் மாறுவதற்கு இரண்டு மணிநேரம் நிற்பவரும் அந்நாட்டு விசா வைத்திருக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டில் அது இல்லையென்றால் ரொறன்ரோவிலேயே ஏற்றமாட்டார்கள். சீட்டின் விலை குறைந்ததைக் கண்டு வாங்கிவிட்டு, விமான நிலையத்தில் முழுப்பணத்தையும் இழந்து திரும்பும் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

திரும்பி வருவதற்கும் கடதாசி வேண்டும். உங்கள் வதிவுரிமை அட்டை திரும்பும் நாளில் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இல்லையேல் அங்கிருந்தே பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க நேரும். பெற்றோரின் சூப்பர் விசா பலமுறை நுழைய இடந்தருவது. ஆனால் அதற்காக எடுத்த மருத்துவக் காப்புறுதி கனடாவுக்கு வெளியே எவ்வளவு செல்லும் என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு. மெக்சிக்கோப் பயணத்துக்குத் தனியாகக் காப்புறுதி எடுப்பதே பாதுகாப்பு.

கேள்வி: முன்கூட்டியே பதிவது மலிவா, கடைசி நேரத்தில் பதிவது மலிவா?
– வாசகி, ஒட்டாவா

பதில்: நத்தார், மார்ச் பாடசாலை விடுமுறை ஆகியவற்றுக்கு முன்கூட்டியே பதியுங்கள், அந்த வாரங்களில் கடைசி நேரத்தில் மிஞ்சுவது யாரும் விரும்பாத அறைகள்தான். பாடசாலை செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களும், புத்தாண்டுக் கூட்டம் திரும்பிய பின் வரும் ஜனவரி வாரங்களும் மலிவு. கடைசி நேரம் வரை காத்திருந்தாலும் தோல்வியில்லை. ஒன்ராறியோவில் இருப்பவர்கள், மாகாணத்தின் பயண முகவர்களை ஒழுங்குபடுத்தும் டைக்கோ அமைப்பில் பதிவுபெற்ற முகவரிடம் மட்டும் வாங்குவது நல்லது. நிறுவனம் மூடப்பட்டால் டைக்கோவின் இழப்பீட்டு நிதியிடம் கேட்கலாம். வட்ஸ்அப்பில் விலை சொல்லிப் பணத்தை நேராக அனுப்பச் சொல்பவரிடம் அந்த வழியில்லை.

கேள்வி: பெப்ரவரிப் பாடசாலை விடுமுறைக்குத் தெனெரீஃப் போவதா, மாலைதீவு போவதா என்று வீட்டில் வாக்குவாதம். கியூபா மலிவு என்று ஒரு நண்பர் சொல்கிறார்.
– வாசகர், ஹரோ, இலண்டன்

பதில்: தெனெரீஃப் நாலரை மணிநேரம்; மாலைதீவு நேரடி விமானத்திலேயே பத்து மணிநேரத்துக்கு மேல். ஒரு வார விடுமுறையில் அது பெரிய வேறுபாடு. ஆனால் தெனெரீஃப் இருக்கும் கனேரித் தீவுகளின் கடல் பெப்ரவரியில் 19 பாகை அளவில்தான் இருக்கும். கால் நனைக்கலாம், நின்று குளிக்க நம்மவர்களால் முடியாது. வெயில் வேண்டுமென்றால் தீவின் தெற்கில் தங்குங்கள். 3,700 மீற்றருக்கு மேல் உயர்ந்த தெய்தே எரிமலை, காற்றோடு வரும் முகிலை வடக்கிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. நல்ல விடுதி, சூடேற்றிய தடாகம், மலையேற்றம் என்றால் தெனெரீஃப் போதும். கடல்தான் விடுமுறை என்றால் போதாது.

மாலைதீவில் வடகிழக்குப் பருவக்காற்றின் காலம் வறண்டது. பெப்ரவரி அதன் நடுப்பகுதி, ஆகவே காலத்தைப் பற்றிக் கவலையில்லை. கவலை கணக்கில்தான். விளம்பரத்தில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் தெரிந்தால், பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும், 2025 ஜூலை முதல் 17 விழுக்காடான சுற்றுலா வரியும் அதன்மேல் ஏறும் என்று பொருள். ரிசார்ட்டுகளில் ஆளுக்கு இரவொன்றுக்கு 12 அமெரிக்க டொலர் பசுமை வரி வேறு. அடுத்தது போக்குவரத்து. தொலைவிலுள்ள தீவுகளுக்குக் கடல்விமானத்தில்தான் போக வேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் பிற்பகலில் பிந்தி மாலே வந்திறங்கினால், பெரும் பணம் கட்டிய முதல் இரவை விமான நிலையத்துக்கருகே வேறு விடுதியில் கழிக்க நேரும். காலையில் சேரும் விமானத்தைத் தெரிவு செய்யுங்கள், அல்லது விரைவுப் படகில் போகக்கூடிய அண்மைத் தீவொன்றைப் பாருங்கள். கொழும்பில் இரண்டு நாள் தங்கி உறவினரைக் கண்டுவிட்டு, அங்கிருந்து ஒன்றரை மணிநேரத்தில் மாலே போவதும் நம்மவர்களுக்கு ஏற்ற வழி.

கியூபாவைப் பற்றி: வரதேரோவின் மணலைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது முதல் அங்கே மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் ஓயவில்லை. விடுதியில் மின்பிறப்பாக்கி இருக்கலாம், சமையலறையில் முட்டை இராது. மேலும் 2021 ஜனவரி 12இலோ அதற்குப் பிறகோ கியூபாவுக்குப் போய்வந்த பிரித்தானியக் குடிமக்கள் விசா இன்றி இணையவழி அனுமதி பெறும் எஸ்டா முறையில் அமெரிக்காவுக்குள் போக முடியாது. தூதரகத்தில் நேர்முகம் கொடுத்து விசா எடுக்க வேண்டும். நியூ ஜெர்சியில் மைத்துனர் வீட்டுக் கலியாணம் ஏதும் வரவிருந்தால் யோசித்து முடிவெடுங்கள்.

கேள்வி: டிசம்பரில் இலங்கை போகிறோம். பிள்ளைகளுக்காக நிலாவெளியில் ஒரு நல்ல கடற்கரை விடுதியில் நான்கு நாள் எடுத்திருக்கிறேன். விலை வியக்கத்தக்க அளவு குறைவு.
– வாசகர், ஸ்காபரோ

பதில்: விலை குறைந்ததற்குக் காரணம் வாடைக்காற்று. டிசம்பர் வடகிழக்குப் பருவமழையின் காலம். நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா எல்லாம் அப்போது கலங்கிக் கிடக்கும், புறாமலைக்குப் படகு விடுவதும் கடினம். அந்தக் கரையின் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. டிசம்பரில் கடல் அடங்கியிருப்பது தென்மேற்கில்: பெந்தோட்டை, உனவட்டுன, மிரிச. மிரிசவிலிருந்து நீலத்திமிங்கிலம் பார்க்கப் படகு போவதும் அந்த மாதங்களில்தான். பதிவை மாற்ற முடியுமானால் நான்கு நாளையும் தெற்குக்கு மாற்றுங்கள். திருகோணமலைக்கு ஒரு நாள் போய்க் கோணேசரை வணங்கிவிட்டு வரலாம், அதற்கு மழை தடையில்லை.

கேள்வி: கான்கூன், புந்தா கானா இரண்டும் பார்த்தாயிற்று. பழைய கதையாக இல்லாத ஓரிடம் சொல்ல முடியுமா? எனக்குப் பிரெஞ்சு பேச வரும்.
– வாசகி, மொன்றியல்

பதில்: கரீபியன் கடலின் குவாதலூப் தீவுகள். உங்கள் நகரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. டிசம்பர் முதல் அங்கே வறண்ட காலம். இது பிரான்சின் ஒரு பகுதி, ஆகவே செலவு யூரோவில். பெருவிடுதிகள் வரிசையாக நிற்கும் இடமல்ல. சென்ட் ஆன் கரையில் கிளப் மெட் ஒன்று இருக்கிறது, மற்றவை பெரும்பாலும் சிறிய விடுதிகளும் தனி வீடுகளும். அந்தத் தெற்குக் கரையில் முருகைக்கற்பாருக்குள் நீர் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும்.

உங்களை அங்கே அனுப்ப எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1854 முதல் 1889 வரை 40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் அவர்களில் பெருந்தொகை. மொழி பெரும்பாலும் போய்விட்டது. ராமசாமி என்ற குடும்பப் பெயரும் மாரியம்மனும் போகவில்லை. காபெஸ்தேர் பெல் ஓ என்ற ஊரில் சாங்கி கோயிலின் வண்ணக் கோபுரம் சாலையோரத்திலேயே நிற்கிறது. சந்தையில் மல்லி, மஞ்சள், கடுகு சேர்த்து அரைத்த 'கொலம்போ' கறித்தூளைக் குவித்து விற்பார்கள். வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு பகலைக் கரைக்குக் கொடுக்காமல் இதற்குக் கொடுங்கள். மேற்குத் தீவின் மலைப்பக்கம் எந்த மாதத்திலும் மழை பெய்யுமாதலால் காலையிலேயே புறப்படுவது நல்லது.

கேள்வி: ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டை இருக்கும்போது பயணக் காப்புறுதி எதற்கு? எனக்கு நீரிழிவு இருக்கிறது.
– வாசகர், ரொறன்ரோ

பதில்: ஒன்ராறியோ அரசு வெளிநாட்டு மருத்துவமனையில் தீவிர சிகிச்சை போன்ற உயர்நிலைப் பராமரிப்புக்குக் கொடுப்பது நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலர், வெளிநோயாளர் சிகிச்சைக்கு 50 டொலர். சுற்றுலா நகரத்துத் தனியார் மருத்துவமனை முற்பணமாகவே ஆயிரக்கணக்கில் கேட்கும். காப்புறுதி எடுக்கும்போது நீரிழிவை மறைக்காதீர்கள். பயணத்துக்கு முந்திய சில மாதங்களில் மருந்தின் அளவு மாறியிருந்தால், மாத்திரை குறைக்கப்பட்டிருந்தாலும்கூட, நோய் 'நிலைபெறவில்லை' என்று சொல்லிக் கோரிக்கையை மறுக்கும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

கேள்வி: எல்லாம் உள்ளடங்கியது என்றால் பணியாளருக்குக் கைக்காசு கொடுக்க வேண்டுமா?
– வாசகி, வோன்

பதில்: கட்டாயமில்லை, கொடுப்பது முறை. அறையைத் துப்புரவு செய்பவருக்கு நாள்தோறும் கொடுங்கள், கடைசி நாளுக்கு என்று வைத்தால் அன்று வேறொருவர் வருவார். சிறிய தாள்களாக அமெரிக்க டொலரோ அந்நாட்டுப் பெசோவோ கொண்டுபோங்கள். கனடிய நாணயக்குற்றிகளை அங்குள்ள வங்கிகள் மாற்றிக் கொடுப்பதில்லை. லூனியையும் டூனியையும் (ஒரு டொலர், இரண்டு டொலர்க் குற்றிகள்) வாங்கிய பணியாளர், அவற்றைத் தாளாக மாற்றித் தரச்சொல்லி அடுத்த கனடியரைத் தேட வேண்டியிருக்கும்.